பின்னால் வரும்போது மட்டும்

சங்ககிரி

அன்புள்ள கலைமணி அண்ணனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல கோகிலவாணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், மஸ்கட்டில் உங்களுக்கும் உடம்புக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று அம்மா முதலில் எழுதச் சொன்னார். எண்ணெய் தெறித்து அவர் வலது கை கொப்புளம் போட்டிருக்கிறது, அதனால்தான் என் கையெழுத்து, ஆறி வருகிறது, பயப்படாதீர்கள்.

அம்மா அடுத்ததைச் சொல்வதற்குள் என் பங்கை எழுதிவிடுகிறேன். பொம்மை ரயில் பின்னால் வரும்போது மட்டும்தான் தடம் மாற்றும் பாயிண்ட் பாதியில் நின்றது, நான் முதலில் கவனித்தது அதைத்தான். புதுப் பள்ளிக்கூடத்துக்கு அப்பா செய்யும் பொம்மை ரயிலில், தண்டவாளம் பிரியும் இடத்தை நகர்த்த நீங்கள் அனுப்பிய மோட்டர்கள் முன்னால் போகும்போது டக்கென்று மாற்றிவிடும், பின்னால் வந்தால் துடித்து நின்றுவிடும், பெட்டிகள் கவிழும். அப்பா எண்ணெய் விட்டார், மோட்டரை மாற்றினார், கடைசியில் போனில் உங்களைப் பிடித்து காயலான் கடைச் சாமான் என்று கத்தினார். அதிலிருந்து நீங்கள் யார் போனையும் எடுப்பதில்லை.

இன்று காலை ரயிலை எடுத்துப் போகப் பள்ளிக்கூடத்து வேன் வருவதாக இருந்தது. அப்பா மோட்டர்களைப் பிடுங்கிவிட்டு பாயிண்டைக் கையால் இழுக்க சைக்கிள் பிரேக் கேபிள் மாட்டப் போவதாக கட்டிங் பிளேயரை எடுத்துவிட்டார். அம்மா நம் லாரி ஒயரிங் பட்டறை வாசலில் நின்றுகொண்டு, "அத்தன தூரத்துல இருந்து புள்ள அனுப்புனதப் புடுங்கி எறிஞ்சா, அப்புறம் எந்த மொகத்தோட அவன் இந்த ஊட்டுக்கு வருவான்?" என்று கேட்டார். அப்பா திரும்பவே இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு இந்தப் பட்டறைக்கு வந்த நாளிலிருந்து அப்பா வேலையில் நான் வாய் திறந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இன்று, டார்ச் பிடித்தபடியே, "அப்பா, இது லாரி இல்லீங்க" என்றேன். வேலைக்கு இருக்கும் குருமூர்த்தி, "அம்மணிக்கு வாய் மொளச்சிருச்சுங்கோ" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

லாரியில் ஒரு ஒயர் போதும், இன்னொன்றைப் பாடியில் எர்த் கொடுத்துவிடுவார், பாடி எப்போதும் மைனஸ்தான். அதே பழக்கத்தில் மோட்டரின் கறுப்பு ஒயரைத் தண்டவாளத்தில் கொடுத்திருந்தார். ஆனால் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் வழியாகத்தான் கரண்ட், பின்னால் ஓட்ட பிளஸ் மைனஸை மாற்றும்போது அந்தத் தண்டவாளம் பிளஸ்ஸாகிவிடுகிறதே, மோட்டருக்குக் கரண்ட் எப்படிப் போகும். இவ்வளவையும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அப்பா டெஸ்ட் லேம்ப்பின் ஒரு ஒயரை மைனஸில் மாட்டி, இன்னொன்றைத் தண்டவாளத்தில் வைத்தார். முன்னால் ஓட்டினால் எரியவில்லை, பின்னால் ஓட்டினால் பளிச்சென்று எரிந்தது. பிளேயரால் கறுப்பு ஒயரை மட்டும் வெட்டினார், மோட்டருக்குக் கரண்ட் தரும் அடாப்டரின் மைனஸ் வரைக்கும் தனி ஒயர் இழுத்தார். வேன் ஹாரன் அடிக்கும்போது வண்டி பின்னால் வந்து சரியான தடத்தில் திரும்பியது.

அம்மா சொல்கிறார், எழுதுகிறேன்: "சாமி, வெயில்ல அலையாத, வெறும் குப்பூஸ் ரொட்டியத் தின்னு வயித்தக் கெடுத்துக்காத, செங்கோட்டுச் சாமி உன்னயக் காப்பாத்தும், ஞாயித்துக்கெழம போனை மட்டும் எடு." லீவுக்கு வந்த மணிமாறன் நாளை மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார், இதை அவரிடம் கொடுக்கிறோம்.

வேன் போனதும் அப்பா வெட்டிய கறுப்பு ஒயர்த் துண்டை என்னிடம் நீட்டினார். "மோட்டர் நல்லாத்தான் இருக்குதுன்னு உங்கண்ணனுக்கு எழுது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அந்தத் துண்டைச் சுருட்டி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

அம்மா பெருமாயிக்காக,
உங்கள் தங்கை கோகிலவாணி