ரெண்டு ஃப்ரிட்ஜ் வீடு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். அப்பா அப்பாவாகவே இருக்கிறார். நீயும் உன் கப்பலும் அதன் இன்ஜினும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. மலைச்சரிவில் மின்கோபுரங்கள் சாய்ந்து, ஊருக்குக் கரண்ட் கொண்டுவரும் பெரிய லைன் அறுந்துபோய்விட்டது. இப்போது ஊரே டீசல் ஜெனரேட்டரில் ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வதே அதிகம், நொண்டுகிறது. செல்போன் டவர் நினைத்தால் வேலை செய்யும், நினைக்காவிட்டால் இல்லை. அதனால்தான் உன் கம்பெனி ஏஜென்ட் விலாசத்துக்குக் காகிதத்தில் எழுதுகிறேன்.

ஆளுக்குக் கொஞ்சம் குறைத்தால் எல்லாருக்கும் கிடைக்கும் என்று மின்வாரியம் கேட்டுக்கொண்டது. நியாயமான பேச்சு. நான்கூட ஒத்துக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். எந்தக் குடியிருப்பு அதிகம் மிச்சப்படுத்துகிறதோ அதன் பெயர் பேப்பரில் வரும் என்று வேறு சொல்லிவிட்டார்கள். குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்துவிட்டார்கள் தம்பி.

நம் குடியிருப்புச் சங்கத் தலைவரை உனக்கு ஞாபகம் இருக்கும். கீழ்த்தளத்துக்காரர், நாய்க்கு ஸ்வெட்டர் போடுகிறவர். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பெரிய சுவிட்ச். மின்சாரத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்று பேச, எல்லா விளக்கையும் எரியவிட்டு, மைக் வைத்துக் கூட்டம் போட்டார். முதல் தீர்மானம், லிஃப்டை நிறுத்துவது. கீழ்த்தளத்தில் இருந்துகொண்டு லிஃப்டைத் தியாகம் செய்கிறார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. நாலாவது மாடியில் இருக்கும் என் முழங்காலை யார் கேட்டார்கள்?

இரண்டாவது தீர்மானம்தான் கூத்து. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மணி அடிப்பார்கள். ஒரு மணி நேரம் எல்லா வீட்டிலும் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். வீட்டுக்கு ஒருவர் கீழே முற்றத்தில் வந்து நிற்க வேண்டும். பெரிய சுவிட்ச் நடுவில் நின்று, தலையைத் தூக்கி ஒவ்வொரு ஜன்னலாகப் பார்ப்பார். எங்காவது மினுக்கென்றால் மாடியைச் சொல்லிக் கத்துவார். கண்டக்டர் மாதிரி என்று அப்பாவிடம் சொன்னேன். கண்டக்டர்களைக் கேவலப்படுத்தாதே என்றார்.

தினமும் கத்தல் வாங்குவது நம் வீடுதான். போன தடவை போனில் சொன்னேனே, அப்பாவின் மூச்சுக்காக வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மெஷின், அதன் பச்சை விளக்குதான் காரணம். அது இரவும் பகலும் ஓட வேண்டும். சொன்னால் விட்டுவிடுவார்கள், எனக்கும் தெரியும். சொல்லக் கூடாது என்று அப்பாவின் உத்தரவு. முப்பது வருஷம் ஊரையே உட்கார வச்சு பஸ் ஓட்டினவன் நான், இந்தப் பயலுங்க என்னைப் பார்த்து ஐயோ பாவம்னு சொல்றதுக்கா என்கிறார். இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் பெண்தான். எனக்கும் இவர்களுடைய ஐயோ பாவம் வேண்டாம்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டர்களை இப்போது தினமும் காலையில் கும்பலாகப் போய்ப் படிக்கிறார்கள். பக்கத்து வீட்டு மீட்டர் வேகமாகச் சுற்றினால் அதில் ஒரு சந்தோஷம். நம்முடையது பம்பரமாகச் சுற்றுவதைப் பார்த்துவிட்டுப் பெரிய சுவிட்ச் மேலே ஏறி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, உங்க வீட்டுல அப்படி என்னம்மா ஓடுது என்று கேட்டார். ரெண்டு ஃப்ரிட்ஜ் என்றேன். ரெண்டு எதுக்கு என்றார். ஒன்றில் காய்கறி, ஒன்றில் என் கோபம், வெளியே வைத்தால் கெட்டுவிடும் என்றேன். அன்றிலிருந்து நமக்கு ரெண்டு ஃப்ரிட்ஜ் வீடு என்று பெயர். கீழ்வீட்டுத் தையல்காரம்மா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திருப்பட்டும், கழுத்துக்கு நல்லது.

பச்சை விளக்கின் மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன். இரண்டு நாளாக அவர் நம் மாடியைச் சொல்லிக் கத்தவில்லை. மீட்டர்கூடக் கொஞ்சம் அடங்கியிருக்கிறதாம், பாராட்டினார். இவர்கள் மூளைக்கு ஒரு துண்டு பிளாஸ்டர் போதும்.

அப்பா உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நீ பஸ்ஸை விட்டுக் கப்பலுக்குப் போனதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்ததும், தன் கட்டில் பக்கம் இருந்த டார்ச் விளக்கை என் பக்கம் தள்ளி வைத்தார்.

வேளைக்குச் சாப்பிடு. இப்படிக்கு,
உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

ஏஜென்ட் மூலம் அனுப்பிய செய்திக்கு உன் பதில் கிடைத்தது. நடுக்கடலில் இருக்கிறவன் எப்படி வந்திருக்க முடியும்? அதை நினைத்து மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. அப்பாவைக் குறையில்லாமல் அனுப்பிவைத்தோம். காலையில் காப்பி கேட்டார், கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

மெஷின் இருந்துமா இப்படி என்று நீ கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன். பிளாஸ்டர் ஜெயித்தது என்று உனக்குப் பெருமையடித்து எழுதினேன் அல்லவா, ஜெயித்தது பிளாஸ்டர் இல்லை. ஒருநாள் முழங்கால் வலி தாங்காமல் ஏழரை மணிக்கே மேலே வந்துவிட்டேன். வீட்டில் மெஷின் சத்தம் இல்லை. அப்பா இருட்டில் கட்டிலில் உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். நான் கீழே போனதும் தானே அணைத்துவிட்டு, நான் படியேறும் சத்தம் கேட்டால் போட்டுக்கொள்வாராம். கீழ நின்னு ஒருத்தன் என் பொண்ணை அதட்டுறான், அதைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கவா என்றார். ஒரு மணி நேரம்தானே, டீசல் மிச்சம் பண்ண இறக்கத்துல நியூட்ரல்ல விடுவோமே, அது மாதிரின்னு வச்சுக்க என்றார். நான் கத்திய கத்தல் முற்றம் வரைக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு நான் கீழே போகவே இல்லை.

மெஷினை அணைத்ததால் ஒன்றும் ஆகவில்லை, நுரையீரல் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். நம்புகிறேன். பழியைப் பெரிய சுவிட்ச் தலையில் போட முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அந்தச் சுகத்தைக்கூட டாக்டர் கெடுத்துவிட்டார்.

அப்பா போன அன்றைக்குக் குடியிருப்பே வீட்டுக்குள் வந்தது. தையல்காரம்மா வெந்நீர் வைக்கிறேன் என்று சமையலறைக்குள் போனாள். அவள் வாய் ஒன்றும் கேட்கவில்லை, கண்தான் இன்னொரு ஃப்ரிட்ஜைத் தேடியது. பிறகு கட்டில் பக்கம் மெஷினைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா என்று ஒவ்வொருவராக வந்து என்னைக் கேட்டார்கள். அந்த நேரத்திலும் குற்றவாளி நான்தான். பெரிய சுவிட்ச் மட்டும் கேட்கவில்லை. கதவுக்கு வெளியிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இப்போது சிரிக்க ஒரு விஷயம். போட்டியில் நம் குடியிருப்புக்குத்தான் முதல் இடம். மறுபடியும் மைக், மறுபடியும் எல்லா விளக்கும். முந்தின வாரத்தைவிட எந்த வீடு அதிகமாகக் குறைத்தது என்று மின்வாரியத்தில் கணக்குப் போட்டு வீட்டு எண்ணை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். தலைவர் மேடையில்தான் கவரைப் பிரித்தார். மத்தவங்க இந்த வீட்டைப் பார்த்துக் கத்துக்கணும் என்று பீடிகை போட்டுவிட்டு எண்ணைப் படித்தார். நம் எண். படித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் பின்வரிசையில் சிலர் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள், நிறுத்தவும் தெரியவில்லை.

நான் எழுந்து போனேன். போகாமல் இருந்தால் பாவம் என்று பேசுவார்கள். சார்ஜ் செய்கிற ஒரு விளக்கைப் பரிசாகக் கொடுத்தார். மைக்கில் ஏதாவது சொல்ல வேண்டுமே. எங்க வீட்டுல ரெண்டு ஃப்ரிட்ஜுல ஒண்ணு நின்னுபோச்சு, வேற ஒண்ணும் பண்ணலை என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். தையல்காரம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. இவர்கள் முன்னால் வராது.

லைன் இன்னும் சரியாகவில்லை, ஏழு மணிக்கு மணியும் அடிக்கிறார்கள். நான் கீழே போவதில்லை. பிளாஸ்டரைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, சரியாக அந்த ஒரு மணி நேரம் மெஷினை ஓடவிடுகிறேன். யாருக்கும் மூச்சு தராமல் அது சும்மா ஓடுகிறது. சுத்த வீண் செலவு. அந்தச் சத்தத்தைக் கேட்டால் அப்பா உள்ளே படுத்திருக்கிறார் என்று இருக்கிறது. பச்சை விளக்கு முற்றத்துக்கு நன்றாகத் தெரியும். பெரிய சுவிட்ச் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்து வந்து, நம் ஜன்னல் வந்ததும் தலையைக் குனிந்துகொள்கிறார். ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்வதில்லை. கத்தித் தொலைத்தால்தான் என்ன? அப்பா வேண்டாம் என்று சொன்ன அதே ஐயோ பாவத்தைத் தினமும் சாயங்காலம் எனக்கு அனுப்பிவைக்கிறார்கள். இதற்காகவும் இவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை.

மெஷினைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். லிஃப்ட் ஓடவில்லை, நாலு மாடி இறக்க இரண்டு பேர் வேண்டும். நாங்க இறக்கித் தர்றோம்மா என்று தலைவர் ஆள் அனுப்பினார். வேண்டாம், என் தம்பி வருவான், நாங்கள் இரண்டு பேரும் தூக்கிக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன் தம்பி. இவர்கள் முன்னால் என் பேச்சைப் பொய்யாக்கிவிடாதே. கப்பல் கரை தொட்டதும் வா.

எங்கிருந்தாலும் நன்றாக இரு.

அக்கா