கண்மாய்க்குள் நீ போட்ட ரோடு

மரியே வாழ்க.

அன்பு மகள் ரீட்டாவுக்கு அம்மா சந்தனமேரி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், உன் அண்ணன் பெலிக்ஸும் அண்ணி ஷீபாவும் பிறந்த பிள்ளையும் சுகம், டப்ளினில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய். சுகமில்லாமல் இருப்பவர் டிரைவர் கண்ணுசாமி ஒருவர்தான், அவருக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமென்றால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ நாலு விளக்கம் சொல்கிறாய், அதற்கு மேல் கேட்டால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. பக்கத்து வீட்டுக் காவ்யா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள், கடைசிவரை படி.

மே மாதம் நீ லீவில் வந்தபோது நம் கண்மாய் காய்ந்து கிடந்தது. வண்டல் மண் அள்ளுகிற டிராக்டர்கள் போய்வந்து நடுக்கண்மாயில் அகலமாகத் தடம் விழுந்திருந்தது. கோடையில் ஊரே அந்தத் தடத்தில்தான் டூவீலரை விட்டுக்கொண்டு கந்தர்வக்கோட்டை ரோட்டுக்குப் போகும், ஐப்பசி மழை விழுந்துவிட்டால் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டோம். இங்கே பிறந்து வளர்ந்த உனக்கு இது தெரியாததா. நீ போனைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் நடந்து போய், யார் வேண்டுமானாலும் வரையலாம் என்கிற அந்த இலவச மேப்பில் அதைக் கார் போகிற ரோடு என்று வரைந்துவிட்டு வந்தாய். "நம்ம ஊருக்கு ஷார்ட்கட் போட்டுட்டேம்மா" என்று கொண்டுவந்து காட்டினாய். மழ பேஞ்சா என்னடி செய்வே என்று அப்போதே கேட்டேன். "அப்பப் பாத்துக்கலாம்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. மழைக்காலத்தில் போக முடியாது என்று குறித்து வைக்க அந்த மேப்பிலேயே இடம் இருக்கிறதாம், காவ்யா காட்டினாள். அவளுக்குத் தெரிந்தது இத்தனை படித்த உனக்குத் தெரியாமல் போகாது, அக்கறை இல்லை, அவ்வளவுதான்.

அதோடு விட்டாயா. நெட் இல்லாமலே வழி காட்டும், காசும் கிடையாது என்று சொல்லி அப்பாவின் போனில் அந்த மேப்பைக் காட்டுகிற ஆப்பைப் போட்டு நம் மாவட்டம் முழுவதையும் இறக்கிக் கொடுத்தாய். திருச்சி ஏர்போர்ட்டுக்கு உன்னைக் கொண்டுபோய் விட்ட கறம்பக்குடி கண்ணுசாமியின் போனிலும் அதே மாதிரி செய்து கொடுத்தாய். முந்திரிக் காட்டுப் பக்கம் டவர் கிடைக்காமல் வண்டியை நிறுத்தி நிறுத்தி வழி கேட்கிற மனிதர் அவர், நல்ல காரியம் செய்தாய் என்று நானும் பெருமைப்பட்டேன்.

போன மாதக் கடைசியில் விடியற்காலை நல்ல மழையில் ஷீபாவுக்கு வலி எடுத்தது. முன்பே சொல்லி வைத்திருந்ததால் கூப்பிட்டதும் கண்ணுசாமி கிளம்பிவிட்டார். மெயின் ரோட்டில் புளியமரம் சாய்ந்து கிடந்திருக்கிறது, டவரும் போய்விட்டது, எங்களைக் கூப்பிட்டுக் கேட்க வழியில்லை. நீ போட்டுக் கொடுத்த ஆப்பைத் திறந்திருக்கிறார், அது இந்தப் பக்கம் போ என்று உன் ரோட்டைக் காட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் கருவேலமரம் நிற்க நடுவில் தண்ணீர் கிடந்தால், அந்த அரை இருட்டில் மழைத் தண்ணீர் தேங்கின ரோடு என்றுதானே யாரும் நினைப்பார்கள். கரையிலிருந்து இறங்கிய கொஞ்ச தூரத்தில் வண்டி மூழ்கி, கதவைத் தள்ளித் திறந்து நெஞ்சளவு தண்ணீரில் நடந்து கரையேறியிருக்கிறார். போன் உள்ளேயே போய்விட்டது. சேறும் தண்ணீருமாக நம் வாசலில் வந்து நின்று அந்த மனிதர் சொன்ன முதல் பேச்சு, "அக்கா, வண்டி போச்சு, வேற வண்டி பாருங்க, புள்ளைய மொதல்ல அனுப்புங்க" என்பதுதான்.

பால் வண்டியில் கேன்களை இறக்கிவிட்டு, பாயை விரித்து ஷீபாவைப் படுக்க வைத்து, சுற்று வழியில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். பிள்ளை வயிற்றுக்குள்ளேயே பனிக்குடத் தண்ணீரைக் குடித்துவிட்டது, சில நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததை நான் முழுசாகக் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அன்றைக்கே உனக்கு நடந்ததைச் சொன்னேன். அழுதாய், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அழுகை நின்றதும் என்ன கேட்டாய், "டிரைவருக்குக் கண்ணு எங்க போச்சு, மேப்பை அப்படியேவா நம்புறது" என்று கேட்டாய். கேட்டுவிட்டு அன்று சாயங்காலத்துக்குள் ஒருவருக்கும் சொல்லாமல் அந்த ரோட்டை அழித்துவிட்டாய். அழிக்க வேண்டியதுதான், ஆனால் சொல்லிவிட்டு அழித்திருக்க வேண்டும். மேப்தான் அந்த வழியைக் காட்டியது என்று கண்ணுசாமி வண்டியின் சொந்தக்காரரான முதலாளியிடம் சொன்னபோது, அவர் தன் போனில் அதே ஆப்பைப் புதிதாக இறக்கிப் பார்த்திருக்கிறார். அங்கே கண்மாய் மட்டும் இருக்கிறது, ரோடு இல்லை. குடித்துவிட்டு வண்டியை இறக்கியிருக்கிறாய், பொய் வேறு சொல்கிறாயா என்று சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். பீடிகூடப் பிடிக்காத மனிதரை ஊர் குடிகாரன் என்கிறது. இப்போது கறம்பக்குடியில் மூட்டை இறக்குகிறார்.

அப்பாவின் போனில் புது மேப் இறக்காததால் உன் ரோடு இன்னும் அப்படியே கிடக்கிறது. நானும் அப்பாவும் அதை எடுத்துக்கொண்டு முதலாளியின் ஷெட்டுக்குப் போய்க் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு, "இப்ப இதை நீங்களே வரைஞ்சு கொண்டாந்தீங்களோ என்னமோ, எனக்கு எப்படித் தெரியும், போட்டவங்க வாயால சொல்லட்டும், நாளைக்கே சாவி தாரேன்" என்றார். அவரைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன், ஆனால் கேட்டதில் தப்பில்லை. திரும்பும்போது கண்ணுசாமியைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். "பாப்பா வேணும்னேவா செஞ்சுச்சு, விடுங்கக்கா" என்றார். அவர் பெரிய மனசுக்காரர், விடுவார். நான் விட மாட்டேன் ரீட்டா. நீ வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்கும் தெரியும், வேண்டுமென்று மறைத்தது எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

மற்றபடி அப்பாவுக்குச் சுகர் குறைந்திருக்கிறது, ஆனாலும் ஒளித்து ஒளித்து மிக்சர் தின்கிறார். உனக்கு அங்கே குளிர் கூடியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ, ராத்திரி ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுக்காமல் சோறு வைத்துச் சாப்பிடு. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு பிள்ளைக்கு ஞானஸ்நானம் வைத்திருக்கிறோம். நீதான் ஞானத்தாய் என்று ஷீபா ஒரே பிடியாக நிற்கிறாள், எல்லாம் தெரிந்துதான் நிற்கிறாள். பங்குச் சாமியாரிடம் நான் இன்னும் உன் பெயரைக் கொடுக்கவில்லை.

முதலாளியின் நம்பரைக் காவ்யா உனக்கு அனுப்புவாள். சாயங்காலம் ஷெட்டில்தான் இருப்பார், உனக்கு அது மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் பேசலாம். விளக்கம் ஒன்றும் வேண்டாம், நான் போட்டேன், நான் அழித்தேன் என்று சொன்னால் போதும்.

கடிதத்தை ஆசீர்வாதத்தோடு முடிக்க வேண்டும். ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், அவர் பொறுமைசாலி. அம்மாவின் ஆசீர்வாதத்தை நீ அந்த முதலாளியிடம் பேசிய பிறகு கேட்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு
உன் அம்மா
இ. சந்தனமேரி