எரியாத தீ விளக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனை நீ எடுப்பதில்லை, செய்தி அனுப்பினால் திறப்பதும் இல்லை. அதனால் நீ வேலை செய்யும் கிடங்கின் முகவரிக்கே இதை அனுப்புகிறேன். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. உன் அறையில் தங்கியிருப்பவர் போன வாரம் அவளிடம் பேசினாராம். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, யாருக்கும் முகம் கொடுப்பதில்லை, வேலை முடிந்தும் கிடங்கு மொட்டை மாடியில் தனியாகப் போய் நிற்கிறாய் என்றாராம். அன்றிலிருந்து அம்மா போனைக் கையைவிட்டுக் கீழே வைப்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். விமானித் தேர்வில் தீ விளக்கு எரியவே இல்லை என்று தலைபாடாக அடித்துக்கொண்டாயே, அது உண்மை. தேர்வில் நீ ஓட்டிய போலி விமானம், அந்தச் சிமுலேட்டர், எங்கள் அலுவலகத்தில் செய்ததுதானே; அதன் விளக்குப் பலகையைப் புதிதாக மாற்றும் வேலை என்னிடம் வந்தது. பழைய கணினி நிரலைத் திறந்தபோதுதான் பார்த்தேன்.

சிமுலேட்டரில் எல்லா எச்சரிக்கைகளும் ஒரே எண்ணுக்குள் அடைந்துதான் வரும். கதவுக்கு இரண்டு, தீக்கு எட்டு. இரண்டும் சேர்ந்தால் பத்து. அந்தப் பத்துக்குள் எட்டு இருக்கிறதா என்று, தீக்கு உரிய பங்கை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் வீட்டுப் புத்திசாலியோ, வந்த எண் எட்டேதானா என்று கேட்டு எழுதிவைத்திருக்கிறார். பத்து வந்தால் இல்லை என்று சொல்லிவிடும். விளக்கும் எரியாது, மணியும் அடிக்காது. ஒரு நேரத்தில் ஒரு கோளாறு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்த வரையில் இது யாருக்கும் தெரியவில்லை. அன்று நீ நன்றாக ஓட்டினாய் என்றுதான் தேர்வாளர் இரண்டைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

அந்தப் புத்திசாலி உன் அத்தான்தான். விசாரணையில் சிமுலேட்டரின் பதிவைக் காட்டி, தீ வந்தது, இவன் கவனிக்கவில்லை என்று சாட்சி சொன்னவரும் அவரே. பொய் சொல்லவில்லை, பதிவில் தீ இருந்தது. விளக்குவரை அது போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். உன்னைப் பொய்யன் என்று எழுதி வெளியே தள்ளினார்கள்.

இரண்டு கோளாறையும் சேர்த்துக் கொடுத்து அவரிடம் காட்டினேன். விளக்கு இருட்டாகவே இருந்தது. பார்த்தவர், 'சத்தமில்லாம திருத்திடு, அவன்தான் வேற வேலைக்குப் போயிட்டானே' என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. நேற்று எல்லாவற்றையும் அவர் பெயரோடு தேர்வுக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அவர் வேலை போகும், என்னுடையதும் போகலாம். ஒரே வீட்டில் இரண்டு ஊமைகளாக இருக்கிறோம். அவரை நினைத்தாலும் அழுகைதான் வருகிறது, மனுஷன் வேண்டுமென்று செய்யவில்லையே.

உனக்கு மறுபடி தேர்வு வைப்பார்களா, தெரியவில்லை. வைத்தாலும் வா என்று கேட்கவில்லை. விமானமே வேண்டாம் என்றாலும் சரி. அந்த மாடிக்கு மட்டும் போகாதே. அம்மா கூப்பிட்டால் ஒரு தடவை எடு. பேச வேண்டாம், நீ மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் போதும் அவளுக்கு.

நல்லா இரு என்று பிறகு வாழ்த்துகிறேன். இப்போதைக்கு இரு, கண்ணா.

உன் அக்கா