இரண்டு நாள் நிம்மதி

மார்ச் 4, செவ்வாய்

வங்கிக் கட்டடத்தில் லிஃப்டுக்கு மாதாந்திர சர்வீஸ். அரை மணி நேர வேலை. இரண்டு மணி நேரம் மோட்டார் அறையிலேயே இருந்தேன். பிரேக்கைத் திறந்து லைனிங்கின் கனத்தை அளந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். மேலாளர் கீழேயிருந்து போன் செய்தார்.

"என்னங்க, ஏதாச்சும் பெரிய கோளாறா?"

"ஒண்ணுமில்ல சார்."

ஒன்றுமில்லைதான். இந்தக் கட்டடத்தில்.

வீட்டுக்கு வந்தால் அக்கா என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "அரை ஆளாயிட்டே" என்றாள். சாப்பாட்டுக்கு முன் மனைவி செய்யும் ஜெபம் கொஞ்சம் நீண்டது.

மார்ச் 5, புதன்

எழுதித்தான் ஆகவேண்டும். ஓரிடத்திலாவது பொய் சொல்லாமல் இருக்க வேண்டாமா?

போன வியாழக்கிழமை காலை. நான் சர்வீஸ் பார்க்கும் நான்கு மாடிக் கட்டடம். லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்று கதவு திறந்தது. அங்கே தையல் கடை வைத்திருக்கும் அம்மா வெளியே கால் வைத்தார். பிரேக் பிடிக்கவில்லை. எதிர்ப்பக்க எடை இழுக்க, கதவு திறந்தபடியே கூண்டு மேலே நகர்ந்தது. ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. உள்ளே இருந்த கால் நசுங்கிவிட்டது.

அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு அந்த பிரேக்கை நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. புது மூக்குக்கண்ணாடி தயார் என்று கடையிலிருந்து போன் வந்திருந்தது. ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். மோட்டார் அறை இருக்கும் மொட்டைமாடிக்கு ஏறவே இல்லை. கீழே காவலாளியின் மேசையில் பதிவேட்டை வைத்து, எல்லாக் கட்டங்களிலும் 'சரி' போட்டுக் கையெழுத்திட்டேன். இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து தொங்குவதால் அந்தக் காவலாளியை எல்லோரும் சாவிக்காரர் என்பார்கள். "அதுக்குள்ள முடிஞ்சிருச்சா தம்பி?" என்று கேட்டார்.

"புதுசு மாதிரி ஓடுது அண்ணே."

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மார்ச் 7, வெள்ளி

இன்று சாப்பாட்டு மேசையில் போர்.

அக்காதான் ஆரம்பித்தாள். "வேலை செய்யற இடத்துல ரத்தம் சிந்தியிருக்கு. அது இவனையும் விடாது. பதிலுக்கு ரத்தம் குடுக்காம அடங்காது. ஆடு ஒண்ணு நேர்ந்திருக்கேன்."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். மூன்று வருடமாகச் சபைக்குப் போகிறாள். அதற்கு முன் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பாள். இப்போதெல்லாம் மெதுவாகப் பேசுகிறாள், அதுதான் அக்காவுக்கு இன்னும் எரிச்சல். "அண்ணி, சிந்த வேண்டிய ரத்தம் எல்லாருக்குமா ஒரே தடவை சிந்தியாச்சு. இனிமே ஆடு குடுத்தா, அது போதலைன்னு சொல்ற மாதிரி."

"உன் சாமி ரத்தம்னா புனிதம், என் சாமிக்கு நான் குடுத்தா பாவமா?"

"என் சாமி குடுத்தாரு அண்ணி. உங்க சாமி கேக்குது. வித்தியாசம் இருக்குல்ல?"

அக்கா எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனாள். தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தாள். எட்டு வயதில் அப்பா அம்மா இருவரையும் இழந்த என்னை, தன் பத்தொன்பது வயதில் சலவைக் கடையில் இஸ்திரி போட்டு வளர்த்தவள். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அந்த முதுகைப் பார்க்கையில் எனக்கு எதையும் மறுக்க வாய் வருவதில்லை.

"இந்த வீட்டு ஆள் ஆடு வெட்டப் போனா நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் மனைவி.

அக்கா திரும்பாமலே சொன்னாள்: "இவன் என்ன தப்பு பண்ணான்? ஒரு பாவமும் அறியாதவன். இவனுக்கு ஏன் இந்தக் கஷ்டம்?"

"அதைத்தான் அண்ணி நானும் கேக்குறேன்."

மூன்று வருடத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம். நான் கை கழுவ எழுந்தேன்.

மார்ச் 8, சனி

பதினேழாம் தேதி அரசு ஆய்வாளர் விசாரணைக்கு வருகிறார்.

மார்ச் 10, திங்கள்

அலுவலகத்தில் பொறியாளர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மோட்டார் ரூம் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்ட ஒண்ணு, காவலாளிகிட்ட ஒண்ணு சார்."

"போதும். யாரோ பிரேக்கை நோண்டியிருக்காங்கன்னு நம்ம அறிக்கை போகுது. உன் பதிவேடு சுத்தமா இருக்கு, நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

சுத்தம். வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். பாதி சட்டையில் போயிற்று.

மார்ச் 12, புதன்

மனைவி சபைக்குக் கூட்டிப்போனாள். வாடகைக்கு எடுத்த கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள். போதகர் பகலில் எலெக்ட்ரிக் சாமான் கடை நடத்துகிறார். நல்ல மனுஷன், விரல்களில் இன்சுலேஷன் டேப்பின் பசை. என் தலையில் கை வைத்தார்.

"ரத்தம் சிந்தாம மன்னிப்பு இல்ல தம்பி. அது உங்களுக்காகச் சிந்தியாச்சு. குற்றமே இல்லாத ஒருத்தர் உங்க இடத்துல நின்னாரு. என்ன பாவம்னு என்கிட்ட சொல்ல வேண்டாம், அவருக்குத் தெரியும்."

அழுதுவிட்டேன். சின்னப் பிள்ளைபோல மூக்கு ஒழுக அழுதேன். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி — கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

மார்ச் 13, வியாழன்

மனசு லேசாக இருக்கிறது. நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

மதியம், ஏணியில் நிற்கும்போது, மறுபடி வந்துவிட்டது. "குற்றமே இல்லாத ஒருத்தர் உங்க இடத்துல நின்னாரு." போதகர் யாரைச் சொன்னார் என்று தெரியும். எனக்கு ஏன் இடுப்பில் சாவிக்கொத்தோடு ஓர் ஆள் கண்ணில் படுகிறார்?

மார்ச் 16, ஞாயிறு

போனேன். அக்காவோடு போனேன். மனைவி பையில் நான்கு உடுப்பை மடித்து வைத்துக்கொண்டு, செருப்பு மாட்டும்போது, "அன்னிக்கு அழுததெல்லாம் பொய்யா?" என்று கேட்டாள். பொய்யில்லை என்றேன். "அப்ப இது?" என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஊருக்கு வெளியே சின்னக் கோயில். அக்கா ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். பூசாரி என்னைப் பார்த்து, "பாவம் ஏதாச்சும் இருந்தா மனசுக்குள்ள சொல்லிக்க" என்றார். சொல்லிக்கொண்டேன். ஒரே வெட்டு. கட்டைவிரலால் என் நெற்றியில் ரத்தம் வைத்தார். சூடாக இருந்தது. அவ்வளவு சூடாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் தூங்கிவிட்டேன். பதினேழு நாளில் அப்படித் தூங்கியதில்லை. அக்கா தோளில் எச்சில் வடிய.

இதை எழுதும்போதுதான் பயமாக இருக்கிறது. அங்கே அழுதேன், லேசானது. இங்கே ஒரு உயிர் போனது, லேசானது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பொய் என்கிறார்கள். எனக்கு இரண்டுமே மருந்துபோலக் கேட்டது. அந்தத் தையல்கடை அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது எனக்கு எப்படிக் கேட்கிறது? எனக்குக் கிடைத்தது மன்னிப்பா, மயக்க மருந்தா?

மார்ச் 17, திங்கள்

விசாரணை. ஆய்வாளர் கேட்டார்: "கடைசியா பிரேக்கை நீங்க பார்த்தப்ப எப்படி இருந்துச்சு?"

"சரியா இருந்துச்சு சார்."

என் குரல்தான் அது. நடுங்கக்கூட இல்லை. நேற்று நன்றாகத் தூங்கியவன் அல்லவா.

சாவிக்காரரை இன்றோடு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போலீஸுக்கு எழுதப் போகிறார்களாம்.

மார்ச் 19, புதன்

டீக்கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். இடுப்பில் சாவி இல்லாமல் அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"தம்பி, நான் அந்த ரூமுக்குள்ள பெருக்கறதுக்குக்கூடப் போனதில்ல. உங்களுக்குத் தெரியும்ல? மெஷினைப் பத்தித் தெரிஞ்சவரு நீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க. சொல்லுங்க தம்பி."

"பாக்குறேன் அண்ணே."

பாக்குறேன்! என்னத்தைப் பார்ப்பேன்? நான் பார்க்காததால்தானே இதெல்லாம்.

மார்ச் 20, வியாழன்

மதிய இடைவேளையில் மனைவி வேலை செய்யும் மருந்துக் கடைக்குப் போனேன். பின்பக்கம், காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடிக் கடை, பதிவேடு, விசாரணையில் சொன்ன பொய் எல்லாம்.

அவளுடைய வாய் ஒரு முறை திறந்து மூடியது. யாருக்கும் எப்போதும் அவள் சொல்லும் அந்த வாக்கியம் — எல்லாம் கழுவப்பட்டாயிற்று என்பது — வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை.

"சொல்லேன். இதையும் கழுவுமா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "ஒரே தடவை சிந்தியாச்சுன்னு சொன்னியே! சொல்லு!"

"கழுவும்" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். "அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நீங்க அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டீங்க. அது ஒளியற இடம் இல்லங்க."

கடைக்குள் யாரோ காய்ச்சல் மாத்திரை கேட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 21, வெள்ளி

காலையில் அக்காவிடம் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை ஏன்டா அங்க போறதுக்கு முன்னாடி சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

"பொய்யை மடியில வச்சுக்கிட்டு பலி குடுத்தா எந்த சாமிடா வாங்கும்? தப்பு பண்ணவன் முதல்ல தப்பைச் சரிபண்ணிட்டு வரணும். அதுக்கப்புறம்தான் பலி. அப்பா எனக்குச் சொல்லிக் குடுத்தது அதுதான்." பிறகு, வேறு யாரிடமோ சொல்வதுபோல், "அந்த உயிர் சும்மா போச்சே" என்றாள். நெடுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாலையில் மனைவி திரும்பி வந்தாள். பையோடு. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் காய் நறுக்கினார்கள்.

மார்ச் 22, சனி

ஆய்வாளர் அலுவலகம். எழுதிக் கையெழுத்திட்டேன். முழுதாய் ஒரு பக்கம்கூட வரவில்லை. ஆய்வாளர் படித்துவிட்டு, "இதோட விளைவு என்னன்னு தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். தெரியாது.

மார்ச் 24, திங்கள்

ஆஸ்பத்திரி. தையல்காரம்மாவின் காலைச் சுற்றி இரும்புக் கம்பிகள். தலையணையில் சாய்ந்து யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். ஊசியை நிறுத்தவில்லை.

"இப்ப என்ன, நான் உங்களை மன்னிக்கணுமா?"

"இல்லைங்க."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"காவலாளி இல்ல, நான்தான்னு உங்களுக்குத் தெரியணும்னு."

நூலைப் பல்லால் கடித்தார். "கால்ல மிதிக்கிற மெஷின் என்னோடது. பதினாலு வருஷமா வலது கால்தான். எந்தக் கடைக்குப் போனீங்கன்னு சொன்னீங்க?"

"கண்ணாடிக் கடை."

என் முகத்தையே பார்த்தார். எனக்கு அந்தக் கண்ணாடியைக் கழற்றி எங்காவது போட்டுவிடலாம்போல இருந்தது. கழற்றவில்லை. அவர் பார்க்கட்டும் என்று நின்றேன்.

"சொல்லியாச்சுல்ல. போங்க."

லேசாகவில்லை. ஆனால் இதற்கு மருந்து தேடவும் தோன்றவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

உரிமம் ஒரு வருடத்துக்கு ரத்து. கம்பெனியில் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். வழக்கு தனியாக நடக்கும்.

சாவிக்காரருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எதிரே வந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். திருப்பிக்கொள்ளட்டும்.

மே 6, செவ்வாய்

தண்ணீர் பம்ப் ரிப்பேர் கடையில் வேலை. பகலெல்லாம் காதில் மோட்டார் இரைச்சல். வீட்டுக்கு வந்தால் இவர்கள் இருவரும். இன்றைய விவாதம்: ரத்தமே கேட்காமல் கடவுளால் மன்னிக்க முடியாதா? இந்தக் கேள்வியைக் கேட்டது அக்கா! போதகரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள் மனைவி. "கேட்டுட்டு வா, நானும் பூசாரிகிட்ட கேக்குறேன்" என்றாள் அக்கா.

தையல்காரம்மா ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போய்விட்டாராம். கணுக்கால் மடங்காதாம். கடையை இன்னும் திறக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

அக்காவுக்குக் கண்ணில் புரை. இன்று ஆபரேஷன்.

பச்சை உடுப்பில், தலைக்குத் துணித்தொப்பி போட்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு சின்ன உடம்பா இவளுக்கு என்று இருந்தது. உள்ளே கூப்பிட இன்னும் பத்து நிமிடம். கால் விரல்கள் நிலையில் இல்லை. பயம், ஆனால் சொல்லமாட்டாள்.

மனைவி பக்கத்தில் போய் நின்றாள். "அண்ணி, ஒரு ஜெபம் பண்ணட்டுமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு மெதுவாகக் கையை நீட்டினாள்.

"பண்ணு. சுருக்கமா முடி. ரத்தம்னு மட்டும் சொல்லாதே, கத்தி வைக்கப் போறாங்க."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கையை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபித்தாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.