ஷூஹெய்யின் தட்டில் நான் வைத்த காரம்

அன்பு மகள் மிசாதோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறியிருப்பாய், பதறாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள், குளிர் வந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முணுமுணுக்கிறாள், அவ்வளவுதான். என் உடம்புக்கும் குறைவில்லை. நீயும் அங்கே சளி, காய்ச்சல் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கடை திறக்கும்முன் சாமி மாடத்துக்கு முன்னால் கைதட்டிக் கும்பிடுகிறேன். கடல் கலங்க ஆரம்பித்துவிட்டது, இடியும் இடிக்கிறது, அதனால் முதல் புரி மீன் கரைக்கு வந்துவிட்டது, இந்த வருஷம் வயிற்றுப் பக்கம் கொழுப்பு நன்றாகவே இருக்கிறது. நீ அனுப்பிய படத்தில் அந்த லிஸ்பன்காரர்கள் மத்தி மீனைக் குடல்கூட எடுக்காமல் நெருப்பில் வாட்டுவதைப் பார்த்தேன், அது ஒன்றும் தப்பில்லை, ஆனால் உப்பைக் கொஞ்சம் முன்னாலேயே தூவி வைக்கச் சொல். மேல்மாடியில் உன் அறையின் ஜன்னலைப் பழுது பார்த்துவிட்டோம், இனி காற்றுக்கு ஆடாது. இதையெல்லாம் எழுதிக்கொண்டே போகலாம், எழுதவேண்டியதைத் தள்ளிப்போடத்தான் எழுதுகிறேன் என்று உனக்கே புரிந்திருக்கும். போனில் சொல்லுங்களேன் என்றாள் அம்மா. என்னால் முடியாது. பெற்ற மகளிடம் வாய் திறந்து சொல்லக் கூசுகிற காரியம் ஒன்றைச் செய்துவிட்டேன்.

போன வாரத்துக்கு முந்தின வாரம், நல்ல மழை, சாயங்காலம். கடையில் பல் டாக்டர் ஒகாமுரா மட்டும் தன் மூலை இருக்கையில் சாக்கே மது குடித்துக்கொண்டிருந்தார். கதவு நகர்ந்தது, வாசல் துணியை விலக்கிக்கொண்டு ஷூஹெய் உள்ளே வந்தான். ஆமாம், உன் ஷூஹெய்தான். பின்னாலேயே ஒரு பெண். அவனைப் பற்றி நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால், கல்யாணப் பத்திரிகை எல்லாம் கொடுத்து முடித்த பிறகு, நீ வீட்டுக்கு வந்து கல்யாணம் இல்லை, எதுவும் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டு மேலே போய்ப் படுக்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். எனக்கு அது போதுமாக இருந்தது. அவன்தான் உன்னைக் கைவிட்டான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவன் அப்பா தெரானிஷி நம் வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்டுக் குனிந்து நின்றபோது உள்ளே கூப்பிடாமல் நிற்கவைத்தே அனுப்பி, அவர் தெரு திரும்புவதற்குள் தீட்டுக் கழிப்பதுபோல வாசலில் உப்பை அள்ளி எறிந்தேன். சோற்றின்மேல் மீன் வைத்துச் சுஷி பிடித்துக்கொண்டே வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். மீன் சந்தையில் அவன் சித்தப்பாவின் ஏலத்துப் பக்கம்கூடப் போகாமல் இருந்தேன். மாமா, மாமா என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு இந்த வீட்டில் புழங்கின பையன் அன்றைக்கு வாசலில் நின்று, “ஐயா, ரெண்டு பேர் உக்காரலாமா?” என்று கேட்டான். நான் கத்தியைத் துடைக்கத் திரும்பிவிட்டேன். அம்மாதான் வாங்க வாங்க என்று சூடான ஈரத்துண்டை நீட்டினாள். “இவ என் மனைவி நாத்சுகோ, மலைப்பக்கத்து ஊர்க்காரி. இங்க சோத்துக்கே தனி ருசின்னு நான் சொல்லிச் சொல்லி, ஒரு தடவையாவது கூட்டிட்டுப் போங்கன்னு ஒரே பிடிவாதம்” என்றான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையைத் தாழ்த்தினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் மகள் எங்கேயோ தன்னந்தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாளே என்று எனக்குள் ஏதோ கொதித்தது.

வசாபிக் கார விழுதை மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில்தானே வைப்போம், வெளியே தெரியாது. அந்தப் பெண்ணுக்கு எப்போதும்போல நகநுனி அளவு வைத்தேன். அவனுக்கு வைத்ததை எப்படிச் சொல்வேன், கட்டைவிரல் தலை அளவுக்கு உருட்டி வைத்தேன். முதலில் நாக்கு மீன். வாயில் போட்டவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான். கண் சிவந்தது. ஒரே ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தான், நான் சுவர்போல நின்றேன். மென்று விழுங்கிவிட்டு, “மீன் ரொம்ப நல்லா இருக்கு ஐயா” என்றான். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவன் கத்தவில்லை, எழுந்து போகவில்லை என்பதே எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கணவாயில் இன்னும் கொஞ்சம் கூட்டினேன், சூரையில் அதற்கும் மேல். அவன் கன்னத்தில் தண்ணீராக வழிந்தது, ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டு மழையில் நனைந்ததில் மூக்கு ஒழுகுகிறது என்று மனைவியிடம் சமாளித்தான். ஒகாமுரா அங்கிருந்து, “என்ன தம்பி, பழைய ஞாபகத்துல அழுகை வருதா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன் மிசாதோ. அதை மறைக்கக்கூடாது, நானும் சிரித்தேன். தேநீர் ஊற்ற வந்த அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் விரலில் பச்சையாக அப்பியிருந்ததைப் பார்த்தாள். “ஏங்க...” என்றவள் பாதியில் நிறுத்திவிட்டுத் தேநீரை ஊற்றினாள்.

அடுத்து புரி மீன். அவனுக்கு அதே காரத்தோடு இரண்டு பிடித்துத் தட்டில் வைத்தேன். நாத்சுகோ எட்டிப் பார்த்து, “உங்களோடது என்னுதைவிடப் பெருசா இருக்கே, ஒண்ணு குடுங்க” என்று கையை நீட்டினாள். அவன் தட்டைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டான். “இது என்னோடது, கைய வெக்காத” என்று விளையாட்டாகச் சொல்லி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். சோற்றுத் தொட்டிக்குள் என் கை அப்படியே நின்றுவிட்டது. என் கடையில், என் கைச் சாப்பாட்டிலிருந்து ஒருவன் தன் மனைவியைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அது உறைத்ததும் மீதி ஒன்றை எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன், அதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டு, பெரிய குறும்புக்காரிபோல அதை எடுத்து வாயில் போட்டுவிட்டாள். சாப்பிடாதேம்மா என்று நான் ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. அவளுக்குப் புரையேறி மூச்சே அடைத்துவிட்டது. அம்மா பரிமாறும் மேடையைச் சுற்றி ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவினாள். மூச்சு திரும்பியதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். “இவர் தட்டுல வந்தது எல்லாமே இப்படித்தானா?” என்று கேட்டாள். ஒகாமுரா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். ஷூஹெய், போதும், கிளம்பலாம் என்று எழுந்தான். அவள் எழவில்லை. “இருங்க. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இந்த ஊர் இவரைப் பத்திப் பேசறதை எல்லாம் கேட்டுட்டேதான் இருக்கேன். ஐயா, கல்யாணம் வேண்டாம்னு சொன்னது உங்க பொண்ணு, இவர் இல்ல. வெளிநாட்டுக்குப் போகணும், இந்த ஊர்ல இருக்க முடியாதுன்னு அவங்கதான் சொன்னாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா வீட்டையே ரெண்டாக்கிடுவார், நீ வேண்டாம்னு சொன்னதா இருக்கட்டும்னு கேட்டாங்க, இவரும் சரின்னுட்டார். கிறுக்கு மனுஷன்.” ஷூஹெய் என்ன செய்தான் தெரியுமா, மேடையில் நெற்றி படும்படி குனிந்து, “மன்னிச்சிடுங்க ஐயா, இதைச் சொல்லணும்னு வரல, சாப்பிடத்தான் வந்தோம்” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டான். என்னிடம். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மடித்து வைத்த துண்டையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியும் என்று அந்த நொடியில் புரிந்துவிட்டது.

அவர்கள் போனதும் வாசல் துணியைக் கழற்றி உள்ளே வைத்துக் கடையை மூடிவிட்டேன். உனக்கு எப்போது தெரியும் என்று அம்மாவைக் கேட்டேன். “அவ விமானம் ஏறின அன்னைக்கே என்கிட்ட சொல்லிட்டா” என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். “சொல்லியிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க, நீங்களே சொல்லுங்க” என்றாள். பலகையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே அதை யோசித்துப் பார்த்தேன். கத்தியிருப்பேன், சட்டி பானை பறந்திருக்கும், இந்த வாசலை இனி மிதிக்காதே என்றுகூடச் சொல்லியிருப்பேன், பிறகு அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்கத் தெரியாமல் சாகும்வரை முறைத்துக்கொண்டு திரிந்திருப்பேன். நீ சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாய். அன்றைக்குத் தட்டில் வைத்த காரத்தைவிட எனக்கு அதுதான் பெரிய அவமானமாக இருக்கிறது. ஒரே குடும்பத்தில் இருந்துகொண்டு, நடந்தது எனக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள்ள நீங்கள் இரண்டு பேரும் எவ்வளவு சிரமப்பட்டிருப்பீர்கள். மீன் வாங்குகிறவன் நான், கண்ணைப் பார்த்தே மீனின் நிலைமையைச் சொல்லிவிடுவேன் என்று பெருமை அடித்துக்கொண்டு, பெண்டாட்டி முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறேன்.

கடை விடுமுறையன்று தெரானிஷி வீட்டுக்குப் போனேன். என் கையால் எதையும் செய்து கொண்டுபோக முகமில்லை, ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஒரு இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டேன், ஊர் பேர் தெரியாத விருந்தாளிபோல. செருப்பு விடுகிற இடத்திலேயே மண்டியிட்டுத் தரையில் தலை வைத்தேன். தெரானிஷி, “எழுந்திரு கென்சாகு, நம்ம வயசுல இப்படிக் குனிஞ்சா நிமிர்த்தறதுக்கு ஆள் கூப்பிடணும்” என்றார். உள்ளே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். அவர் மனைவி வெளியே வரவில்லை. சமையலறையிலிருந்தபடியே கணவரிடம் சொல்வதுபோல, “இந்த ஊர்க் கடைத்தெருவுல தலை காட்ட முடியாம பஸ் ஏறிப்போய் மீன் வாங்கினேனே, அதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடுங்க” என்றாள். நான் சமையலறைப் பக்கம் திரும்பி மறுபடி தரையில் தலை வைத்தேன். அவள் மன்னிக்கவில்லை, மன்னிக்கத்தான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வேலையிலிருந்து வந்த ஷூஹெய் வாசல்வரை கூட வந்தான். நான் தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டேன். “வசாபி அப்பத்தான் அரைச்சது போல, மணம் அருமையா இருந்துச்சு ஐயா” என்றான். சிரிக்கவைக்கத்தான் சொன்னான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்போது வேண்டுமானாலும் கடைக்கு வாங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுவரை அவர்கள் வரவில்லை.

ஆனால் ஊர் வாயை நான்தானே திறந்துவிட்டேன், மூடவேண்டியதும் நான்தான். சனிக்கிழமை கடை நிறைந்திருந்தபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டு எல்லோரிடமும் சொன்னேன். ஷூஹெய் என் பெண்ணுக்கு ஒரு துரோகமும் செய்யவில்லை, இத்தனை நாள் நான் சொன்னதெல்லாம் தப்பு, இனி யாரும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்றேன். உன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை, நீ கலங்காதே. அன்றைக்கு எல்லாம் கேட்டிருந்தும் ஒகாமுரா சும்மா இருப்பாரா, “யோவ் கென்சாகு, அப்ப தப்பு யார் மேலதான்யா?” என்று கேட்டார். “என் மேலதான். பெத்த பொண்ணு வாயைத் திறந்து ஒரு உண்மையைச் சொல்லப் பயப்படற மாதிரி அப்பனா இருந்தேன்” என்றேன். அந்த மனிதர் எழுந்து வந்து தன் சாக்கேயை என் கிண்ணத்தில் ஊற்றினார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. முதல் இரண்டு நாள் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அவனை ஏன் வேண்டாம் என்றாய் என்று நான் கேட்கப்போவதில்லை, உனக்கே சொல்லத் தோன்றினால் சொல், குறுக்கே பேசாமல் கேட்கப் பழகிக்கொள்கிறேன். அம்மாமேல் வருத்தப்படாதே, அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஷூஹெய்க்கும் அந்தப் பெண்ணுக்கும் நீ ஒரு வார்த்தை எழுதினால் நல்லது, அது உன் விருப்பம். அங்கே குளிர் எப்படியோ தெரியவில்லை, கம்பளி உடுப்பை அலமாரியிலேயே வைத்திருக்காதே, காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே. எந்த ஊரில் எந்த வேலை செய்தாலும் நீ தலை நிமிர்ந்து நல்லபடியாக வாழ வேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, அதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். இன்னொன்று, நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மாவிடம் பேசிவிட்டு, அப்பாவை விசாரித்ததாகச் சொல் என்று போனை வைத்துவிடுகிறாய். நான் பக்கத்தில்தான் கத்தி தீட்டுவதுபோல நின்றுகொண்டிருப்பேன். அடுத்த முறை, அப்பாகிட்ட குடு என்று சொல்லிப் பார்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஹாமாதா கென்சாகு