நாலு பழம் என்று எழுத வைத்தவளுக்கு

இன்று காலை டிரைவர் அண்ணாச்சி ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பையைத் திறக்கும் முன்பே வாசனை வந்துவிட்டது. புளியங்குடிப் பழம். கூடவே கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு. இன்றைக்கு ஆயுத பூஜை. பூஜைக்கு வருகிற எலுமிச்சம்பழம் கடைச் சீட்டோடுதான் ஆய்வுக்கூடத்துக்குள் வரவேண்டும் என்று சட்டம் போட்டவள் நீ. போட்டுவிட்டு நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். வருகிற கார்த்திகையோடு ஒரு வருடம்.

எனக்கு உன்மேல் கோபம்தான். யாரிடம் போய்ச் சொல்ல? அதனால்தான் எழுதுகிறேன். போய்ச் சேராத கடிதம் என்று தெரிந்தும் எழுதுகிற அளவுக்கு நான் என்றைக்கு இளகினேன் என்று நீ கேலி செய்வாய். செய்துகொள்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு நமக்கு. நீ பள்ளியை முடித்ததும் புளியங்குடிக்கு வாழ்க்கைப்பட்டு எலுமிச்சைத் தோட்டத்துக்குள் போனாய். நான் படிப்பு படிப்பு என்று வெளியூரெல்லாம் சுற்றிவிட்டு, தலை நரைக்கத் தொடங்கியபோது நம் சங்கரன்கோவிலுக்கே திரும்பி, ஒரு பழைய பருத்திக் குடோனை வாடகைக்குப் பிடித்து ஆய்வுக்கூடம் வைத்தேன். முதல் நாள் வந்து கண்ணாடித் தட்டுகளை எட்டிப் பார்த்த நீ சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. "ஊரெல்லாம் கிருமியக் கொல்லுதாங்க. நீ ஒருத்திதான்ட்டி சோறு போட்டு வளக்க."

உன் தோட்டத்துக்காகத்தான் அந்தக் கிருமி. எலுமிச்சையில் சொறி விழுந்தால் இலை, பழம், கொப்பு எதையும் விடுவதில்லை. பழம் நல்லதாக இருந்தாலும் தோலைப் பார்த்து வியாபாரி ஒதுக்கிவிடுவார். உன் மரத்து இலையிலேயே வாழ்கிற, யாருக்கும் தீங்கில்லாத ஒரு பாக்டீரியாவை எடுத்து, அதன் ஜீனில் ஒரு மாற்றம் செய்தோம், சொறிக் கிருமியை அது அண்டவிடாமல் தடுக்க. இலையில் தெளித்தால் போதும். கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது!

ஜீன் மாற்றிய உயிரை வைத்து வேலை செய்கிற இடத்தில் உயிரிப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் உட்கார வேண்டியவர்கள் எல்லாம் படித்தவர்கள், டாக்டர், பேராசிரியர் என்று. விதியில் இல்லாத ஒருத்தியாக உன்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு விவசாயியையும் வைத்திருக்கிறோம் என்று காட்டிக்கொள்ளத்தான் கூப்பிட்டேன். நீ டீயைக் குடித்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போவாய் என்று நினைத்தேன். எனக்கு நன்றாக வேண்டும்.

முதல் கூட்டத்திலேயே கேட்டாய். "மழையில கழுவிட்டுப் போனா இது எங்கன போவும்?" பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்காகவே வடிவமைப்பை மறுபடி தொடங்கினோம். தோட்டத்தில் எங்குமே கிடைக்காத ஒரு சத்து இல்லாமல் அந்தப் பாக்டீரியா பிழைக்காதபடி செய்தோம். மருந்தோடு அந்தச் சத்தையும் கலந்து தெளித்தால்தான் வாழும். நிறுத்தினால் சில நாளில் செத்துவிட வேண்டும். அதற்கே ஒரு வருடம் போனது.

அடுத்து, "எம் மரத்து இலையில இருந்து எடுத்தத மருந்தாக்கி எனக்கே விப்பியாட்டி?" என்றாய். கோபத்தில் அன்றைக்கு எழுந்தே போய்விட்டேன். பிறகு படித்துப் பார்த்தால், உள்ளூர் உயிர்வளத்தை எடுத்து வியாபாரம் செய்பவர் அனுமதி வாங்கி, வருகிற பலனில் ஊருக்கும் பங்கு தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நீ சட்டம் படித்தவள் இல்லை, உனக்கு நியாயம் தெரிந்திருந்தது. விண்ணப்பம் போட்டோம். மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டாய்: "வேண்டாங்கிறவனுக்கு என்ன வழி?" அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

இப்போது இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன். நாற்று ஏற்றிப்போக ஒரு வேன் வாங்கியிருந்தோம். பொரி, கடலை, பூ, சந்தனம் எல்லாம் வந்தாயிற்று. எலுமிச்சம்பழம் மட்டும் வரவில்லை. நீ கொண்டு வருவாய் என்று நானும், நான் வாங்கி வைத்திருப்பேன் என்று நீயும் இருந்துவிட்டோம். ராகு காலம் தொடங்கப் போகிறது, டிரைவர் அண்ணாச்சி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "மேடம், நாலே நாலு பழம்" என்கிறார். எங்கள் பாக்டீரியாவைத் தெளித்துச் சோதிக்கிற வலைக்கூடத்துக்குள் தொட்டிகளில் எலுமிச்சை காய்த்துத் தொங்குகிறது. சாவி என் இடுப்பில்.

கை கழுவி, மேல்கோட்டு மாற்றி, செருப்பு மாற்றி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே போக வேண்டிய இடத்துக்குள் பட்டுச் சேலையோடு போனேன். அங்கிருந்து ஓர் இலைகூட வெளியே வரக்கூடாது என்று வாசலில் எழுதி ஒட்டியவளும் நானே. நாலு பழத்தைப் பறித்தேன், நாலு சக்கரத்துக்கும் வைத்தேன். வண்டி ஏறி நசுக்கியது, எல்லாரும் கை தட்டினோம். அந்த நிமிடத்தில் எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. வண்டிக்குப் பழம் வைப்பது என்பது யோசித்துச் செய்கிற காரியமா நமக்கு?

சுண்டல் தூக்கோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் நேரே வண்டிப் பக்கம் போய்க் குனிந்தாய்.

"ஏட்டி, இது எந்தப் பழம்?"

"மார்க்கெட் பழந்தான்."

"மார்க்கெட்டுக்கு வாற பழத்துல காம்பு இப்படிப் பச்சையா ஒட்டிக்கிட்டு இருக்காது. மூட்டையில ஒரசித் தோலு மினுங்கும். எத்தன வருசமா இதுலயே கெடக்கேன், எங்கிட்டயா சொல்லுத?"

உன் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் பொய் அது. அது தாங்கவில்லை என்றதும் இரண்டாவதற்குப் போனேன். "விடுட்டி, ஒரு பழம்."

"ஒண்ணா? வண்டிக்கு நாலு சக்கரம்லா இருக்கு."

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. மாலை போட்ட வண்டியை நகர்த்தச் சொல்லி, கையுறை மாட்டி, இடுக்கியால் தோலையும் விதையையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டோம். சக்கரத்தைக் கழுவினோம், ரோட்டில் பிளீச்சிங் கரைசலை ஊற்றினோம். பூக்கூடையோடு போன ஒரு அம்மா நின்றுவிட்டார். "என்ன தாயி, திருஷ்டி கழிச்சத மறுபடி பொறுக்குதீங்க? ஆவாதும்மா." நீ நிமிராமலே பதில் சொன்னாய். "இது வேற திருஷ்டி, அக்கா. மருந்து ஊத்தித்தான் கழிக்கணும்."

எல்லாம் முடிந்ததும் அலுவலக அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாய். "எழுது" என்றாய்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "கழுவியாச்சுல்லா? யாருக்குத் தெரியும்? எழுதினா சோதனையவே நிறுத்திருவாங்க. மூணு வருச ஒழப்பு. ஒந்தோட்டமும் சேந்துதான் போவும், தெரியுமா?" என்று கத்தினேன். வெளியே டிரைவர் அண்ணாச்சி பொரி தின்பதை நிறுத்திவிட்டார் என்று பிறகு சொன்னார்.

நீ கத்தவில்லை. "தெரியும். எந்தோட்டத்துல பாதி மரம் சொறி புடிச்சு நிக்கி. ஒம் மருந்த என்னயவிட யாரு எதிர்பாக்கா? ஆனா நாளைக்கு அக்கம்பக்கத்துத் தோட்டக்காரங்ககிட்ட, எங்கூட்டாளி சொல்லுதா, நம்புங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்?" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கியபோதுகூடக் கலங்காத கண்.

எழுதினேன். "சோதனை மரத்தின் சில பழங்கள் வளாகத்துக்கு வெளியே" என்று தொடங்கினேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்தாய். "சிலன்னா எத்தன?" என்றாய். அடித்துவிட்டு நான்கு என்று எழுதினேன். "யாரு பறிச்சான்னு காணுமே?" என்றாய். அதையும் எழுதினேன். அனுமதி தந்த அதிகாரிகளுக்கு அனுப்பிவிட்டு இரண்டு பேரும் ஆறிப்போன சுண்டலைத் தின்றோம்.

நான் பயந்தது அப்படியே நடந்தது. சோதனையை நிறுத்தினார்கள். வலைக்கூடத்துச் செடிகளை வேரோடு பிடுங்கி, ஆட்டோகிளேவ் என்கிற நீராவிக் கலனில் வேகவைத்து, பிறகு எரித்தோம். மாதக்கணக்கில் அதிகாரிகள் வந்தார்கள், மண் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள். அந்த ரோட்டு மண்ணை நாங்களும் வாரம் தவறாமல் பரிசோதித்தோம். எங்கள் பாக்டீரியா ஒன்றுகூட இல்லை. நான் துள்ளிக் குதித்து உனக்கு போன் செய்தேன், வெளியே போனால் செத்துவிடுகிறது, பார்த்தாயா என்று. "பிளீச்சிங் ஊத்தின ரோட்டுல செத்துப்போச்சுன்னு பெருமையாக்கும்? தண்ணி நிக்கிற தோட்டத்துல சாவணும்ட்டி, அப்பம் பேசு" என்று வைத்துவிட்டாய்.

ஆனால் ஓர் அதிகாரி கேட்ட கேள்விக்குத்தான் நான் தடுமாறினேன். மறுபடி இப்படி நடக்காது என்பதற்கு என்ன உறுதி? இன்னொரு பூட்டு போடுகிறோம் என்றேன். நீ அன்று இரண்டு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தாய். எலுமிச்சம்பழம் மரத்தைவிட்டு எங்கெல்லாம் போகும் என்று. வண்டிச் சக்கரம். கடை வாசலில் மிளகாயோடு கோத்த கயிறு. அம்மனுக்கு மாலை. பெரிய மனிதரைப் பார்க்கப் போகிறவர் கை. ஊறுகாய்ப் பானை. பேய்க்குப் பயந்தவர் தலையணை அடி. மயக்கம் வருகிறது என்று பஸ்ஸில் மோந்து பார்க்கிறவர் மூக்கு. தாள் போதவில்லை. "விதி எழுதுறவங்களுக்கு நம்ம ஊருப் பழம் எங்கெல்லாம் நடக்கும்னு எப்படித் தெரியும்? நாமதான சொல்லணும்" என்றாய்.

மழைக்கும் காற்றுக்கும் தேனீக்கும் வழி யோசித்த நாங்கள் மனிதர்களின் கையை யோசிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சோதனை மரங்களில் பூ வந்தாலே கிள்ளிவிடுவது, காயே விடாமல் இலையில் மட்டும் பார்ப்பது என்று திட்டத்தை மாற்றினோம். பூஜைப் பழத்துக்கு ஒரு தனி விதியும் சேர்த்தோம். அதைப் படித்த அதிகாரி முதலில் சிரித்தார். பிறகு உன் காலண்டர் தாளை நகல் எடுத்துக்கொண்டு போனார்.

புது அனுமதி வரும்வரை நீ இருக்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னாயாம், ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் முடிந்துவிட்டதாம். உன் மரங்களில் பதினைந்தை அதற்கு முந்தைய மாதம்தான் வெட்டியிருந்தாய். அன்றைக்கு அந்தச் சிறு தப்பை மறைத்திருந்தால் அந்த மரங்கள் பிழைத்திருக்குமோ என்று நான் யோசிக்காத நாள் இல்லை. நீ இருக்கும்போதே அதை உன்னிடம் ஒருமுறை கேட்டும்விட்டேன். "மரம் வேற வச்சுக்கலாம்ட்டி" என்று மட்டும் சொன்னாய்.

அனுமதி இரண்டு மாதத்துக்கு முன் வந்தது. உன் தோட்டத்திலேயே, வலைக்குள், சிறிய அளவில். உன் வீட்டுக்காரர் சம்மதம் சொன்னார். ஆனால் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கேட்காமல் ஒரு செடிகூட வைப்பதில்லை என்று நான்தான் நின்றேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் களத்து மேட்டில் எல்லாரையும் கூப்பிட்டோம். உன் மேற்கு வரப்புக்கு அந்தப் பக்கத்து அண்ணாச்சி, உனக்குத்தான் தெரியுமே, எதற்கும் மசியாதவர், எழுந்து நின்றார்.

"இதுவரைக்கும் ஒங்க கையில தப்பு ஏதும் நடந்திருக்காம்மா?"

அதற்கு நான் நல்ல பதிலாகத் தயார் செய்து வைத்திருந்தேன். சிறு விதிமீறல் ஒன்று நடந்தது, உடனே சரிசெய்யப்பட்டது. அந்த வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவருக்குப் பின்னால், நீ வழக்கமாக உட்காருகிற கல்லில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நடந்திருக்கு அண்ணாச்சி. பூஜைக்கு வண்டியில வைக்கதுக்கு, பறிக்கக்கூடாத பழத்த நானே பறிச்சு ரோட்டுல வச்சேன். நாலு பழம். கூட்டாளிகிட்ட மார்க்கெட் பழம்னு பொய்யும் சொன்னேன்."

பின்னால் ஒரு பெண் சிரித்தார், அதைத் தொடர்ந்து எல்லாரும். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "அந்தக் கூட்டாளி இந்தத் தோட்டக்காரிதான?" என்றார். ஆமாம் என்றேன். வரப்பைக் கைகாட்டினார். "எம் பக்கத்துல வேண்டாம். எனக்கு இன்னும் மனசு ஒப்பல. வரப்புல இருந்து நல்லாத் தள்ளிக் கெழக்க வைங்க. மொளைக்கத நானும் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றார்.

வேண்டாம் என்றவருக்கு வழி கேட்டாயே, அதற்குக் கிடைத்த முதல் பதில் இது. வலைக்கூடத்தைக் கிழக்கே நகர்த்திவிட்டோம். முன்பைவிட இடம் குறைவு, செடிகளும் குறைவு. எனக்கு இவ்வளவு சந்தோஷம் அனுமதிக் கடிதம் வந்த அன்றுகூட இல்லை. நாளை மறுநாள் முதல் தொட்டியை இறக்குகிறோம். அண்ணாச்சி தினமும் வந்து எட்டிப் பார்க்கட்டும், பார்த்துத் திட்டட்டும். நீ இல்லாத குறைக்கு எனக்கு ஒருவர் வேண்டும்.

இன்று காலை வேனுக்கும் அந்த மஞ்சப்பைப் பழங்களைத்தான் வைத்தோம். டிரைவர் அண்ணாச்சி ஏறி நசுக்கினார், கை தட்டினோம். பிறகு நான் உள்ளே வந்து கடைச் சீட்டைப் பதிவேட்டில் ஒட்டினேன். பழங்களின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கிறது. பேனாவை வைத்ததும் என்னை அறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. நான்கு என்று எழுதினேன்.