ஆற்றுவாய்க் காவலும் மூன்று ஓலையும்

19-1-74, சனி
வாடைக்காற்று நின்றபாடில்லை. வள்ளம் இறக்கவில்லை. மண்ணெண்ணெய் வரிசையில் பாதிப் பகல்; என் முறை வந்ததும் பீப்பாய் காலி.

மாலை, வாலிபர் சங்கக் கூட்டம். செயலாளர் பதவியை என் தலையில் கட்டியிருக்கிறார்கள், ஆகவே கத்த வேண்டியதும் நான்தான். தீர்மானம் ஒருவழியாக நிறைவேறியது: ஈஸ்டர் வரை ஆற்றுவாயில் கொசுவலை போட்டு மீன் அரிக்கக் கூடாது. இறால் குஞ்சு ஆற்றில் வளர்ந்துதான் கடலுக்கு வருகிறது. குஞ்சையே வாரிக் குழம்பு வைத்தால் நாளைக்கு வள்ளத்துக்கு என்ன வரும்? மீறினால் அபராதம் இல்லை. பிடிபட்ட வலை ஞாயிறு பூசையன்று கோயில் வேலியில் தொங்கும். ஊர் பார்க்கும். அது போதும்.

பயல்கள் ஆற்றுக்காக வரவில்லை, பந்துக்காக வந்தார்கள். காவலுக்கு வருகிறவனுக்குத்தான் அணியில் இடம் என்றேன். அத்தனை கையும் மேலே.

"சொந்தக்காரன் மாட்டுனா?" என்றான் சூசை. வயது பதினேழு, வாய் மட்டும் அறுபது.

"எங்க வீட்டு வலையா இருந்தாலும் வேலியிலதாம்ல!"

கைதட்டல். எனக்கே கொஞ்சம் பெருமை.

20-1, ஞாயிறு
முதல் ஓலை. சாமியார் பூசையில் எங்கள் பெயரை வாசித்தார்: எனக்கும் பிலோமிக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவும். இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க வேண்டும். தவசு காலத்தில் கல்யாணம் கிடையாது, அதற்கு முன் முடித்தாக வேண்டும். விட்டால் ஈஸ்டர் கழித்துத்தான். அவ்வளவு நாள் என்னால் முடியாது, எழுதி வைக்கிறேன்.

பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். முக்காடுதான் தெரிந்தது. அம்மா முழங்கையால் இடித்தாள்.

24-1, வியாழன்
காவலில் முதலில் மாட்டியது யார்? சூசை! தன் அம்மாவின் கொசுவலையோடு.

"காவல் ஒழுங்கா நடக்குதான்னு சோதிச்சேம்ண்ணே."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

27-1, ஞாயிறு
இரண்டாம் ஓலை. வேலியில் சூசை வீட்டு வலை. அவன் அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். புருஷன் இல்லாதவள். எனக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் சூசையே வந்தான். சண்டைக்கு என்று நினைத்தேன். "அண்ணே, விசில எங்கிட்ட தாங்க. இனி ஒரு பய எறங்க மாட்டான்." பந்தாட்ட விசில். கொடுத்தேன். இனி அதைக் கழுத்தைவிட்டு இறக்க மாட்டானாம், தூக்கத்திலும்.

செய்ய வேண்டியவை: சட்டை தைக்கக் கொடுக்க. பந்தலுக்குச் சொல்ல. சவரக் கத்தி.

31-1, வியாழன்
இதை எழுதவே பிடிக்கவில்லை.

பிற்பகல் விசில். விடாமல். ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் பிலோமியும் தங்கை ரோசியும், ஒரு பழைய சேலையை ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்துக்கொண்டு. ஓரம் கிழிந்த நீலச் சேலை. பிலோமியுடையது என்று ஊருக்கே தெரியும். உள்ளே இறால் குஞ்சு, மடவைக் குஞ்சு, கண்ணாடித் தூள் மாதிரித் துடித்துக்கொண்டு.

பயல்கள் எல்லோரும் கரையில். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒருவன் என்னைக் காப்பாற்றப் பார்த்தான்: "அண்ணே, தீர்மானத்துல கொசுவலன்னுதான இருக்கு. சேல எப்பிடி வலையாவும்?"

 சூசை விசிலை வாயிலிருந்து எடுத்தான், அவ்வளவுதான்.

பிலோமி தண்ணீரில் நின்றபடியே: "மச்சான், அப்பா கடலுக்குப் போவாம எத்தன நாளாச்சின்னு ஒங்களுக்குத் தெரியாதா? கொழம்புக்கு நாங்க எங்க போவோம்? ஆம்பளப் பயலுவளாக் கூடித் தீர்மானம் போட்டிய. ஆத்துல எறங்குற பொம்பளப் புள்ளையகிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

கேட்கவில்லை. ஒருவருக்கும் தோன்றக்கூட இல்லை.

சேலையைக் கவிழ்த்துக் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டாள். பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் பயல்களிடம், "நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன். கோழைப் பயல்.

1-2, வெள்ளி
வாடை. தலைவலி. பந்தாட ஒருவனும் வரவில்லை. காவலுக்கும் இல்லை. வீட்டு வாசல் ஆணியில் விசில் தொங்குகிறது. சூசை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான், கூப்பிடாமல்.

அவன் அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு போனது திரும்பத் திரும்ப நினைவில். பிலோமி கேட்டதும் நியாயம், சூசை கேட்காததும் நியாயம். நடுவில் நான்.

2-2, சனி
கோயிலில் மெழுகுதிரி மந்திரிக்கும் திருநாள். பூசை முடிந்து நேரே பிலோமி வீட்டுக்கு. அவள் அப்பா மிக்கேல் மாமா கட்டிலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சேலை வேலியில் தொங்க வேண்டும் என்றேன்.

"பொம்பளச் சேலைய வேலியில தொங்கவிடுவியோல? தொங்கவிட்டுப் பாரு. மூணாவது ஓல கெடையாது. சாமியார்ட்ட நானே போயிச் சொல்லுதேன்."

"வலையா ஆத்துல எறங்குனா வலதான் மாமா. சூசைக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?"  ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

அத்தை அழுதாள். உள்ளேயிருந்து பிலோமி: "என் சேலைய யாருக்கும் தர மாட்டேன்." கதவு சாத்தும் சத்தம்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா: "ஆத்தக் காக்கப் போயிப் பொண்டாட்டிய வெள்ளத்துல விட்டுட்டு வாரான், பெரிய செயலாளரு."

பிலோமி இல்லாமல் நான் என்ன செய்வேன்?

3-2, ஞாயிறு
முதல் மணிக்கு முன்பே கோயிலுக்குப் போனேன். வேலியில் நீலச் சேலை. துவைத்து, முழு நீளத்துக்கும் விரித்து, முனைகளை இறுக்கிக் கட்டி. பக்கத்தில் பிலோமி, மறைந்து நிற்காமல்.

"நீங்க தொட்டா ஊரு ஒரு மாசம் பேசும். நானே கெட்டுனா என்னத்தப் பேசும்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாடையில் மணல் விழுந்தது என்றேன். நம்பவில்லை.

சூசையின் அம்மா வந்தாள். சேலையைப் பார்த்தாள், பிலோமியைப் பார்த்தாள். முக்காட்டைச் சற்றுப் பின்னே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்றாம் ஓலை. சாமியார் பெயர்களை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லவும் என்று நிறுத்தினார். மிக்கேல் மாமாவின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்; வெளியே சேலை படபடத்தது. இருமினார். எனக்கு உயிர் போய் வந்தது. இருமல்தான். எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும் சூசை கையை நீட்டினான். விசிலைக் கொடுத்தேன். கழுத்தில் மாட்டிக்கொண்டு சிரித்தான்.

பூசை முடிந்தால் அவிழ்த்துக் கொடுப்பதுதான் வழக்கம். அவிழ்க்கப் போனேன். பிலோமியோடு ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் நின்றார்கள், ரோசி முன்னால்.

"தொடாதிய," என்றாள் பிலோமி. "மொதல்ல கூட்டத்தப் போடுங்க. கொழம்புக்குன்னு ஆத்துல எங்களுக்கு ஒரு எடம் வேணும், காவல்லயும் எடம் வேணும். பேசி முடிச்சப் பெறவு நானே அவுத்துக்கிடுதேன்."

கூட்டம் மூன்று மணிக்கு. பாய் போதாது, இரவல் வாங்கப் போக வேண்டும்.